சிவப்புப் பொத்தான்

"ஆஸ்பத்திரிங்கிற வார்த்தை உன் வாயில வரக் கூடாது, கேட்டியா?"

"வராது அத்தே."

"ஊசி, மாத்திரை, டாக்டரு, ஒண்ணும் வரக் கூடாது. நம்ம வீட்டு முத்தத்துல உக்காந்து பேசுத மாதிரி பேசணும். சிரிச்சுக்கிட்டே பேசு."

"சிரிச்சா தையல் இழுக்கு அத்தே."

"அப்போ சிரிக்காண்டாம். சிரிச்ச மாதிரி பேசு."

சிரித்த மாதிரி எப்படிப் பேசுவது... காலையில் அத்தை சொன்னதை இப்போது நினைத்தாலும் ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் வலது அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது, குடல்வாலை எடுத்துவிட்டுத் தைத்த இடம், அதைக் கையால் பொத்திக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை விழுங்கினாள். சிரிப்பு அடங்கினாலும் நெஞ்சு அடங்கவில்லை. போர்வைக்குள், இடது விலாவை ஒட்டி, அந்த டேப் ரிக்கார்டர் கிடந்தது, அவளுக்கே அவளுக்கென்று, யாரும் சுற்றி உட்காராமல், யாரும் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டிராமல்... இந்த இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததே இல்லை. அத்தை பாண்டியம்மாள் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், காராச்சேவும் கடலைமிட்டாயும் வாங்க, மஸ்கட்டில் இருக்கிற மகனுக்குக் கொடுத்துவிட. கொழுந்தன் சங்கிலிப்பாண்டி நாலு மணி வாக்கில் வந்து, கேசட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கயத்தாறுக்குப் பஸ் ஏறுவான், அங்கே மஸ்கட்டில் வேலை பார்க்கிற கடற்கரை அண்ணாச்சி லீவு முடிந்து பெட்டி கட்டுகிறார், அவர் பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறி, மஸ்கட்டில் இறங்கி, அந்தக் கேசட்டை அவியளிடம் கொடுப்பார். அவியளிடம் என்றுதான் மனசுக்குள்ளும் ஓடுகிறது. உக்கிரபாண்டி என்ற புருஷன் பெயரைக் கலியாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி, நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குள் இந்த டேப் வந்ததே ஒரு கூத்து. ஊரில், எப்போதும்வென்றானில், அவர்கள் வீட்டுக்குக் கேசட் வந்தால் அது தெருவுக்கே வந்த மாதிரி, அத்தை நடுவில் உட்காருவாள், சங்கிலிப்பாண்டி பொத்தானை அமுக்குவான், அடுத்த வீடு எதிர்த்த வீடெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவிய குரல் கேட்கும், அம்மா நல்லாயிருக்கியா, தம்பி பருத்தி என்ன ஆச்சு, பெரியப்பாவுக்கு இருமல் நின்னுச்சா, ஒவ்வொருவராக விசாரித்து, ஒவ்வொருவரும் டேப்புக்கே பதில் சொல்லி, கடைசியில் ஆவுடைத்தாயையும் கேட்டேன்னு சொல்லுங்க, வைக்கேன், டக். முடிந்தது. அடுத்த வாரமே அதே கேசட்டில், அவிய பேசியதற்கு மேலேயே, இவர்கள் பதில் பேசி அனுப்புவார்கள். இன்னொரு கேசட் வாங்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டதற்கு அத்தை, "ஒண்ணு இருக்கையில இன்னொண்ணு எதுக்கு? சிலேட்டுல எழுதி அழிக்குத மாதிரிதானட்டி" என்றாள். அப்படி அழிந்து அழிந்துதான் இத்தனை நாளும் அவிய குரல் போனது, வந்தது, போனது. இந்தத் தடவையும் முதல் பக்கம் முழுக்க வீட்டில் பேசி நிரப்பியாகிவிட்டது. இரண்டாம் பக்கம் ஆரம்பிக்கும்போது அத்தைக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது, மருமகள் குரல் இல்லாமல் கேசட் போனால் மகன் என்னமோ ஏதோ என்று நினைப்பானே என்று. இவளோ கோவில்பட்டியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறாள். உடனே டேப்பை ஒரு பழைய சேலையில் சுற்றி, கூடையில் வைத்து, மேலே வாழைப்பழத்தைப் பரப்பி... அத்தைக்கு எங்கிருந்துதான் வருமோ இந்தப் புத்தி.

காலையில் நடந்ததை அந்த நாடா அப்படியே வாங்கி வைத்திருக்கும். அத்தை குரலை இறக்கி, "ஏய்யா உக்கிரபாண்டி, அம்மா பேசுதேன்யா, இந்தா நம்ம வீட்டு முத்தத்துலதான் உக்காந்திருக்கோம், நல்ல காத்து" என்று ஆரம்பித்ததும் மருந்து வண்டி கடகடவென்று வார்டுக்குள் வந்தது. அத்தை அசரவில்லை, "அது ஒண்ணுமில்லைய்யா, பாத்திரக்காரன் போறான்" என்றாள். அதற்குள் பக்கத்துக் கட்டில் இசக்கியம்மாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வழியில் சைக்கிள் இடித்து முழங்கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டுக் கிடக்கிறவள், "ஏ நர்சம்மா, கால் கடுக்கே, செத்த வாயேன்" என்று கத்தினாள். அத்தை அதற்கும், "அடுத்த வீட்டுக்காரி மாட்டை விரட்டுதாய்யா" என்றாள். ஆவுடைத்தாய்க்குப் போர்வையைக் கடித்துக்கொண்டு அடக்கத்தான் முடிந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அந்தக் கண்ணீரோடு அத்தை டேப்பை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். அவளும் சொன்னாள். நல்லாயிருக்கேன், நீங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் சொல்கிற அதே வார்த்தைகள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. அப்போதுதான் சிஸ்டர் பேபி வந்து நின்றாள். அத்தை, "சரிப்பா வைக்கோம்" என்று டக்கென்று நிறுத்தினாள்.

"இது என்ன கல்யாண வீடாம்மா? ரேடியோ, டேப்பு எதுவும் வார்டுல வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அடுத்த ரூம்ல இருதயக்காரர் படுத்திருக்காரு. டாக்டர் காதுல விழுந்தா எனக்குல்ல ஏச்சு?" என்று சிஸ்டர் சத்தம் போட்டதும், அத்தை ஒரு வாழைப்பழத்தை நீட்டி, "மகன் வெளிநாட்டுல இருக்கான் தாயீ" என்றாள். சிஸ்டருக்குக் கோபம் முக்கால்வாசி போய்விட்டது. கேட்கணும்னா காதுல மாட்டிக் கேட்டுக்கிடுங்க, வெளியே ஒரு சத்தம் வரக் கூடாது, பேசுத சோலியெல்லாம் வீட்டுல போய் வச்சுக்கிடுங்க என்று, பழத்தை வாங்காமலே போனாள். ஆக, கேட்கலாம். பேசத்தான் கூடாது. சரிதான், நம்ம வீட்டிலும் அதே சட்டம்தானே...

அத்தை போனதும் இசக்கியம்மாள் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தாள். "உங்க அத்தை என்னைய மாட்டுக்காரி ஆக்கிட்டாளே, மஸ்கட்டு வரைக்கும் போய்ச் சேரும்லா என் மானம்" என்றவள், திட்டி முடித்த கையோடு தூங்கிப் போனாள், வாயைத் திறந்து, மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. வார்டே தூங்குகிறது. வெளியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருநெல்வேலி, திருநெல்வேலி என்று ஒருவன் கூவுகிறான், ஜன்னல் வழியே புழுதி மணம், ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. ஆவுடைத்தாய் போர்வைக்குள்ளேயே தடவி இயர்போன் குமிழைக் காதில் மாட்டினாள். எதற்கு? தன் குரல் சிரித்த மாதிரி விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வேறு எதற்கும் இல்லை. பின்னால் ஓட்டி, போட்டுக் கேட்டாள், பாத்திரக்காரனும் மாடும் வந்தார்கள், பிறகு அவள் குரல், ஐயையே, இதுவா என் குரல், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, நல்லாயிருக்கேனாம்... பிறகு அத்தையின் வைக்கோம், ஒரு டக். விரலை நிறுத்துகிற பொத்தானுக்குக் கொண்டுபோனாள். போனவள் அமுக்கவில்லை. அதற்குப் பின்னால் அழியாமல் மிச்சம் இருந்த அவிய குரல் காதுக்குள் வந்துவிட்டது. "...ஆவுடைத்தாயையும் கேட்டேன்னு சொல்லுங்க. வைக்கேன்."

இந்த இடத்தில்தான் சங்கிலிப்பாண்டி எப்போதும் டக்கென்று நிறுத்துவான். இங்கே சங்கிலிப்பாண்டி இல்லை. நாடா ஓடியது. ஓடினால் ஓடட்டும், வெறும் உஸ்ஸென்ற சத்தமாவது அவிய இருக்கிற அறையின் உஸ்ஸு இல்லையா என்று நினைத்தாள், நினைத்து முடிக்கவில்லை, நாற்காலி இழுபடுகிற சத்தம், ஒரு பாத்திரம், பிறகு கூடத் தங்கியிருக்கிற யாரோ பெரியவர் குரல், "ஏலே உக்கிரபாண்டி, பேசி முடிச்சாச்சா?" அவிய நிறுத்த மறந்துவிட்டார்கள்! பேசி முடித்துவிட்டு, பொத்தானை அமுக்காமல், எழுந்து போய்விட்டார்கள். இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டும் ஒருவருக்கும் தெரியாமல் இது இங்கே இருந்திருக்கிறது. "வீட்டுக்காரிகிட்ட ஒண்ணும் பேசலையேடே?" என்றார் அந்தப் பெரியவர். அவிய சிரித்தார்கள். சிரித்தார்கள்... அத்தை முன்னால் அவிய சிரித்து அவள் கேட்டதில்லை, கலியாணமாகி மூன்று மாசம், அறைக்குள் மட்டும், அதுவும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கிற சிரிப்பு, அது இப்போது திறந்து, உரக்க, அவள் காதுக்குள் மட்டும். "என்னத்தைப் பேச அண்ணாச்சி? எங்க அம்மா, தம்பி, அடுத்த வீடு, எதுத்த வீடு எல்லாம் சுத்தி உக்காந்துல்லா கேக்கும்." "அதுக்காக ஒரு வார்த்தையுமா?" "அவளும் ஒண்ணும் பேச மாட்டாளே. நல்லாயிருக்கேன், உடம்பைப் பாத்துக்கிடுங்க, அம்புட்டுதான். ஒவ்வொரு தடவையும் அதே. நல்லாத்தான் இருப்பா போல."

நல்லாத்தான் இருப்பா போல. நம்பிவிட்டார்களா? அதை ஒரு பேச்சு என்று நினைத்து, நம்பியே விட்டார்களா... அத்தை முன்னால், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னே வேறு என்ன சொல்வாள், தூக்கம் வரவில்லை என்பாளா, கொடியில் கிடந்த உங்கள் சட்டையைத் துவைக்காமலே மடித்து வைத்திருக்கிறேன் என்பாளா? ஆனால் அவிய என்ன செய்வார்கள், காதில் விழுவதைத்தானே எடுத்துக்கொள்வார்கள். கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது, அவ என்று சொன்னார்களே, ஆவுடைத்தாயையும் கேட்டேன் என்று ஊர்முன்னால் சொல்கிற மாதிரி இல்லாமல், அவ, என்று, பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்கிற மாதிரி. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. "கம்பெனிக்காரன் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறியா?" "போட்டுற வேண்டியதுதான். இன்னும் ரெண்டு வருசம்தானே அண்ணாச்சி. அடுத்த மாசம் கேப்பான். அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. ஊர்ல போய் என்ன செய்ய, மழையப் பாத்துக்கிட்டு உக்காரவா? ...அடுப்பைப் பாருங்க, அடிப்பிடிக்கு." பிறகு பேச்சில்லை. கரண்டி சுரண்டுகிற சத்தம், ஒரு தும்மல், அது அவிய தும்மல்தான், இரண்டு தடவை அடுத்தடுத்து, வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு, மெட்டு மட்டும், நாடா முடிகிற வரைக்கும்.

அவள் மறுபடி ஓட்டிக் கேட்டாள். சிரிப்பை மட்டும் இன்னொரு தடவை. கன்னம் சுட்டது, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், இல்லை. உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா... கலியாணமான புதிதில், கார்த்திகையில், விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலையில் பருத்திக் காட்டைப் பார்க்கக் கூட்டிப்போனீர்கள், பத்தடி வைப்பதற்குள் கரிசல் மண் என் காலில் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் அம்மிக்கல் கனம் கனத்தது, தூக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன், நீங்கள் வரப்பில் குந்தி, ஒரு குச்சியை எடுத்து, என் காலைப் பிடித்து உங்கள் முழங்காலில் வைத்து, அந்த மண்ணை வழித்து எடுத்தீர்கள், தூரத்தில் யாரோ வருகிறார்கள் என்று நான் காலை இழுத்தேன், விடவில்லை, வரட்டும் என்றீர்கள். வரட்டும் என்றவர் அடுத்த மாசமே போய்விட்டீர்கள். நீங்கள் அனுப்பின பணத்தில் முன்கட்டைக் காரை வீடாக எடுத்தாயிற்று, அத்தைக்கு இப்போது மேலே மச்சு எடுக்கணும். கேசட்டின் முதல் பக்கத்தில் அத்தை அதைத்தான் பேசியிருக்கிறாள், ஆவுடைத்தாய்க்குத் தெரியும், அத்தை வாயாலேயே சொன்னாள், "இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வந்துருய்யான்னு சொல்லிட்டேன்ட்டி, மச்சும் முடிஞ்சுரும்லா" என்று, நேற்று ராத்திரி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே. அத்தை கெட்டவள் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் சுருண்டு படுத்திருந்தவள் அத்தைதான். மகனிடம் சொல்லாதே என்பதும் பயத்தில்தான், அத்தையின் தம்பி மகன் துபாயில் இருந்தபோது அப்பா தவறிப்போன செய்தி போய்ச் சேர்ந்த மறுநாள் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்தான், உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. அதிலிருந்து அத்தைக்கு மகனிடம் எதுவும் கெட்டது போகக் கூடாது, தலைவலி என்றுகூடப் போகக் கூடாது.

அப்படியானால் என் குரல் போவதும் கெட்டதா... வாங்க என்று ஒரு வார்த்தை. இதைத்தானே அவிய ரயில் ஏறின நாளிலிருந்து தொண்டைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். கேசட் வருகிற ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை, இந்தத் தடவை என்று, அத்தை டேப்பை நீட்டும்போது வாய்வரைக்கும் வந்து, சுற்றியிருக்கிற முகங்களைப் பார்த்ததும் நல்லாயிருக்கேன் ஆகிவிடும். இன்றைக்கு முகங்கள் இல்லை. இன்றைக்கு விட்டால் இந்தக் கேசட் போய், அத்தை சொன்னது போய்ச் சேர்ந்து, அவிய கையெழுத்துப் போட்டு, இன்னும் இரண்டு வருஷம். கையெழுத்துப் போட்டபின் எந்தக் கேசட்டில் என்ன சொல்லி என்ன. ஆனால் எங்கே பேசுவது, நாடாவில் இடம் எங்கே இருக்கிறது? அத்தையின் வைக்கோமுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டு நிற்பது அவிய சிரிப்பு. அதன்மேல் பேசினால் அது போய்விடும். சிரிப்பையும் அவ என்றதையும் தாண்டி, கடைசியில், கரண்டி சுரண்டுகிற இடத்தில் பேசினால்? பேசலாம், ஆனால் அவிய அதுவரை ஓட்டிக் கேட்க வேண்டுமே, வைக்கோம் என்று அத்தை சொன்னதுமே அங்கேயும் யாராவது டக்கென்று அமுக்கிவிடுவார்கள், எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம். அப்படியென்றால் அந்த வைக்கோமும் போக வேண்டும். அத்தை சொன்னதை அழித்து, அவிய சிரித்ததை அழித்து, அதன்மேல்தான் பேச வேண்டும், வேறு வழி இல்லை. கேசட்டை இப்படியே உருவி ஒளித்துவைத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆயுசுக்கும் இருக்கும், தினம் மத்தியானம் காதில் மாட்டிக் கேட்கலாம்... மத்தியானம் மத்தியானம் ஒரு சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இருப்பதற்கா, சீ. சிரிக்கிற ஆளே வேண்டும்.

"என்னட்டி, காதுல மாட்டிக்கிட்டு நீயா சிரிக்க, நீயா அழுவுத?" இசக்கியம்மாள் எப்போது விழித்தாளோ, தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் இயர்போனை உருவினாள். சொல்லக் கூடாது என்று நினைத்தவள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், நிறுத்த மறந்ததை, கையெழுத்தை, வைக்கோமை. இசக்கியம்மாள் கழுத்தை இன்னும் இந்தப் பக்கம் திருப்பினாள். "எங்க வீட்டுக்காரரு பக்கத்துலயே இருந்து கழுத்தறுக்காரு, நீ கடலுக்கு அங்கிட்டு இருக்குத ஆளைக் கூப்பிட இப்படிக் கிடந்து தவிக்க. பேசித் தொலையேம்ட்டி." சிஸ்டர் இருக்கிறாளே என்றாள் ஆவுடைத்தாய். "அவ வந்தா நான் மாட்டை விரட்டுதேன், பேசு." மறுபடி சிரிப்பு, மறுபடி தையல் இழுத்தது, வலியிலும் அவளுக்குக் கைகால் எல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, திருவிழாவுக்குப் போகிற பஸ் புறப்படுகிறபோது வருமே அந்த மாதிரி.

குமிழை மறுபடி காதில் மாட்டிப் பின்னால் ஓட்டினாள். அதிகம் போய்விட்டது, பாத்திரக்காரன் வந்துவிட்டான். முன்னால் விட்டாள். தன் குரல் வந்தது, நல்லாயிருக்கேன், நீங்க... அங்கேயே நிறுத்தினாள். இதையும் சேர்த்து அழித்துவிடலாமா? அழித்துவிடலாம். எந்த வார்த்தையை அவிய நம்பினார்களோ அந்த வார்த்தை மறுபடி போய்ச் சேர வேண்டாம். இன்னும் ஒரு இழை பின்னால் ஓட்டி, அத்தை மாட்டை விரட்டி முடிக்கிற இடத்தில் நிறுத்தி, பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானில் விரல் வைத்தாள். ஆஸ்பத்திரி என்று சொல்வதா? சொன்னால் பதறிக்கொண்டு வருவார்கள், நிச்சயமாக வருவார்கள். ஆனால் அது வயிற்றுக்காக வருவது. நான் கூப்பிட்டு வந்ததாக இருக்காது. அத்தையிடம் வராது என்று சொன்ன வாக்கும் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும், ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வராது அத்தே. வந்தபிறகு தெரிந்துகொள்ளட்டுமே, தழும்பு எங்கே போகப்போகிறது... அந்த நினைப்பில் முகம் மறுபடி சுட்டது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினாள். இசக்கியம்மாள் மாவுக்கட்டுக் காலைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் படுத்திருந்தாள்.

சிவப்பையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள். சின்ன ஜன்னலுக்குள் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. சுற்றுகின்றன, பேச்சு வரவில்லை. இப்படிச் சும்மா சுற்றினாலும் அழிந்துகொண்டுதானே இருக்கும், அத்தையின் வைக்கோம் போயிருக்கும், இந்நேரம் நாற்காலி இழுபட்டது போயிருக்கும், பேசு, சிரிப்பு போய்க்கொண்டிருக்கிறது, வீணாகப் போகவா விட்டாய், பேசு... எப்படிக் கூப்பிடுவது என்பதே தெரியவில்லை, இரண்டு வருஷமாக ஒரு ஆளை மனசுக்குள் அவிய அவிய என்று சுற்றி வந்திருக்கிறாள், நேருக்கு நேர் கூப்பிட ஒரு சொல் இல்லை. "என்னங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வரவில்லை. அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிதாக வந்தது, மூலைக்கட்டில் கிழவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க, நான்தான். அத்தை இங்கன இல்லை, யாரும் இல்லை, நான் மட்டும்தான் பேசுதேன். இப்போ நிறுத்திராதீங்க, கேளுங்க."

வராந்தாவில் செருப்புச் சத்தம். சிஸ்டர் பேபி. "ஏ நர்சம்மா, கால் கடுக்கே, இங்கன வந்து பாரேன்" என்று இசக்கியம்மாள் வலி இல்லாத வலியில் கத்தினாள், அதுவும் நாடாவில் விழட்டும், எல்லாம் விழட்டும். சிஸ்டர் கதவுவரை வந்துவிட்டாள், இசக்கியம்மாள் பக்கம் போகவில்லை, ஆவுடைத்தாயின் கையில் இருக்கிற டேப்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, அங்கேயே நின்றாள். நிறுத்தச் சொல்லப் போகிறாளா, கேட்டுக்கொண்டு நிற்கிறாளா? தெரியவில்லை. மஸ்கட்டில் இதைக் கேட்டுவிட்டு அவியளும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் நிற்பார்களோ, சிரிப்பார்களோ, அந்தப் பெரியவரிடம் என்ன சொல்வார்களோ, இருந்தும் அம்மா சொன்னதுதான் என்று பேனாவை எடுப்பார்களோ... இத்தனை நாளும் நான் சொல்லாததால்தான் அவிய வரவில்லை என்று ஒரு ஆறுதல் இருந்தது, சொன்னபிறகும் வராவிட்டால் என்கிற இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்துக்கு இப்போதுதான் அவள் வருகிறாள், அது இருட்டாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் டேப்பை வாய்க்குப் பக்கத்தில் தூக்கினாள்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. மச்சு இல்லாட்டா என்ன, இருக்குத வீடே போதும். எனக்கு உங்களைத் தேடுதுங்க. வந்துருங்க."